பின்கதவு அலாரம்

16 மார்ச் 1993, செவ்வாய்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீலின் பழைய மாடி வீட்டுக்கு இன்று திருட்டு அலாரம் பொருத்தினோம். ரகசிய எண்ணை அழுத்தினால் வீட்டுக் கதவு எல்லாமே ஒரே நொடியில் காவலுக்கு வந்துவிடும் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் குடும்பத்துக்கு மாடியிலேயே குளியலறை இருக்கிறது. சமையலறையில் படுக்கும் வேலைக்கார அக்காவுக்குக் கழிவறை கொல்லையில். பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர். பின்கதவில் நான் கம்பி இழுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“தம்பி, ராத்திரி நான் இந்தக் கதவைத் தொறந்தா கத்துமா?”

“கத்தும்க்கா.”

வக்கீலிடம் போனேன். “பாஸ், அக்கா ராத்திரி வெளிய போகணும்ல? அலாரத்த நிப்பாட்டுற நம்பர அவங்களுக்கும் சொல்லிக் குடுத்துடுங்க.”

“அவளுக்கா? நம்பர அவகிட்ட குடுத்தா அப்புறம் அலாரம் எதுக்குலா?” சிரித்தார். “ஒரு வாளி வச்சுக்கட்டும்.”

அக்கா பக்கத்தில்தான் நின்றார். பதினோரு வருஷமாக இவர்களுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவர்.

நான் வேலையை முடித்தேன். முடிக்காவிட்டால் நாளைக்கு இன்னொருத்தன் வந்து முடிப்பான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும்போது அக்கா தேநீர் கொடுத்தார். “நீங்க குடிக்கலையாக்கா?”

“இனிமே பொழுது சாஞ்சா எனக்கு எதுவும் வேணாம் தம்பி. நீ குடி.”

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. இந்நேரம் அவர்கள் எண்ணை அழுத்தியிருப்பார்கள்.