முதல் வாய் ஒப்புட்டு

11-2-79, ஞாயிறு

மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டில் இன்று கை நனைத்தோம். சம்மதம் என்றால்தானே அங்கே சாப்பிடுவது! எல்லோரும் என் இலையையே பார்த்தார்கள். பருப்பும் வெல்லமும் வைத்த ஒப்புட்டைக் கடித்ததும் காதுக்குக் கீழே தாடையில் சுரீரென்று இழுத்து, முகம் கோணிவிட்டது. முதல் வாய்க்குத்தான் இந்த வலி. நாலு வாய் உள்ளே போனால் அடங்கிவிடும். இதற்காக நல்ல பல்லைப் பிடுங்கியதுதான் மிச்சம். சர்க்கரை வியாதியால் இருக்கலாம் என்கிறார் சூரமங்கலத்து டாக்டர். அதை வெளியே சொன்னால் பெண் எடுப்பார்களா?

"ஏனுங்க, ஒப்புட்டு நல்லால்லீங்களா?" மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. என் மனைவி முறைத்தாள்.

"அதெல்லாம் இல்லீங்க, பல்லு வலி" என்று சொல்லி, ஆகாத ஒப்புட்டை இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்று தொலைத்தேன். பஸ்ஸில் வரும்போது மனைவியிடம் ஒரே ஏச்சு வாங்கினேன். "கல்யாணத்தன்னிக்காச்சும் சிரிச்ச மூஞ்சியா உண்ணுங்க!"

இப்போதுதான் உறைக்கிறது. பக்கத்து இலையில் சம்பந்தி ஒப்புட்டைத் தொடவே இல்லை. காபிக்கும் சர்க்கரை வேண்டாம் என்றார். வயிறு சரியில்லையாம்.

அந்தச் சாக்கு எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா!