கடை டிவியில் கத்திய பிள்ளை

ராஜபாளையம்,
மே 14, வியாழன் மதியம்.

அன்பு மகள் பாண்டிசெல்விக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

மும்பையில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் வேலையும் வெயிலும் ரயில் கூட்டமும் தாங்கும்படி இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் லீவுக்கு வந்திருக்கிற உன் மகள் கோதையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உடம்புக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் என்றால் இரண்டு வாக்கியம் ஒழுங்காகப் பேசுவேன், மூன்றாவதில் எதையாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்துவிடுவேன், நீயும் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். இந்த வியாதியால்தான் இப்போது வினை வந்திருக்கிறது. கோதைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால்தான் போனுக்கு வரவில்லை என்று நாலு நாளாக உன்னிடம் சொன்னேனே, அது பொய். தொண்டை மணி மாதிரி இருக்கிறது. பிள்ளைதான் பேச மாட்டேன் என்று இருந்தாள், காரணம் நான். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நாள் குறித்திருப்பதாகச் சொன்னாய், அதை ரத்து செய்துவிடு. டாக்டர் பார்க்க வேண்டிய தொண்டை என்னுடையது.

முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படாமல் படி. பிப்ரவரியில் நீ போன் செய்து, கோதை தமிழில் குரல் கொடுத்த அந்த வெளிநாட்டுத் தொடர் வந்துவிட்டது, விண்வெளிக் கப்பலில் போகிற கதை, அதில் வருகிற சின்னப் பிள்ளைக்கு இவள்தான் பேசியிருக்கிறாள் என்று எல்லாம் விவரமாகச் சொன்னாய். அப்போது என் கையில் சால்டரிங் கம்பி இருந்தது, போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது, நான் ஆமா ஆமா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெயரை மனதில் வாங்கவே இல்லை. அடுத்த வாரம் கோதையே பேசி, தாத்தா பாத்தீங்களா என்று கேட்டாள். பார்த்தேன் செல்லம், பிரமாதம், தாத்தா அழுதே விட்டேன் என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் பிள்ளை சந்தோஷப்படும் என்று நினைத்தேன், பட்டாள். அத்தோடு முடிந்தது என்று நானும் மறந்துவிட்டேன்.

இப்போது என் கடைத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருஷமாக டிவி பழுது பார்க்கிறேன், ஆனால் டிவி பார்த்ததில்லை. படம் வருகிறதா என்று பார்ப்பேன், என்ன படம் என்று பார்க்க மாட்டேன். பேனலில் கோடு விழுகிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா, ஸ்பீக்கர் கரகரக்கிறதா, அம்புட்டுதான் என் கண்ணும் காதும். மார்ச்சில் பக்கத்து மொபைல் கடை ஜோயல் எனக்கு ஒரு பென்டிரைவில் என்னமோ ஏற்றிக் கொடுத்தான். அண்ணாச்சி, இதில் வானம் முழுக்கக் கருப்பு, பேனலில் ஒரு புள்ளி செத்திருந்தாலும் தெரிந்துவிடும் என்றான். அவன் சொன்னது சரிதான், அதைப் போல ஒரு கருப்பை நான் பார்த்ததில்லை. அதில் ஒரு பிள்ளை உச்சத்தில் கத்துகிற இடம் வரும், ஸ்பீக்கருக்கு அது நல்ல சோதனை. எந்த டிவி வந்தாலும் நேராக அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி ஓட விடுவேன். இரண்டு மாதமாக என் பேத்தி என் கடையில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கத்தியிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. பெற்ற தாய் நீ இதைப் படித்தால் என்ன நினைப்பாயோ. உன் அம்மா நினைத்ததை இங்கே எழுத முடியாது.

கரண்ட் போய்விட்டது, வெளியே போய் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். உட்கார முடியவில்லை. நாலு நாளாகவே இப்படித்தான், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை. மில்லுக்கு லீவு, அதனால் கடையில் கூட்டம். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருக்கிற பொன்னுராஜ், நீ சின்னதில் மாமா மாமா என்று சுற்றி வருவாயே, அவன் தன் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். கோதை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நேரத்தில் நான் வழக்கம்போல அந்த இடத்தை ஓட விட்டேன். பிள்ளை கத்தியது. பொன்னுராஜ் காதைப் பொத்திக்கொண்டு, “அண்ணாச்சி, அந்தப் பிள்ளையக் கதவத் தொறந்து வெளிய தள்ளச் சொல்லுங்க, மிச்சப் பேரு உசுரோட ஊர் போய்ச் சேருவாக” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஜோயல் தன் பங்குக்கு, இந்தப் பிள்ளையின் குரலுக்கு மேல் நாய் குரைக்கிற சத்தத்தைப் போட்டு யாரோ வெளியிட்டிருக்கிறார்கள், லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று போனை எடுத்துக் காட்டினான். கடைக்காரன் நான் சும்மா இருக்கலாமா. வாடிக்கையாளர்களிடம் எப்போதும் சொல்கிற வசனத்தை எடுத்து விட்டேன், இந்தப் பிள்ளை கத்துற கத்துக்குக் கிழியாத ஸ்பீக்கர் பத்து வருஷத்துக்குக் கிழியாது என்று. மறுபடியும் சிரிப்பு. கோதை தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். ஏன் செல்லம் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்து, நீங்க எந்த இடத்துல அழுதீங்க தாத்தா என்றாள். எனக்கு என்ன கேட்கிறாள் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், இந்த மாதிரிக் கதைகளில் என்ன வரும் என்று யோசித்து, அப்பா சாகிற இடத்தில் என்று சொன்னேன். “அதுல அப்பாவே கிடையாது தாத்தா. மத்தியானம் உங்க கடையில கத்துனது நான்தான்” என்றாள். அதற்குப் பிறகு நேற்று வரைக்கும் எங்கள் யாரிடமும் பேசவில்லை. உன் அம்மா கண் பட்டிருக்கும் என்று திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போய் ஆண்டாள் சந்நிதியில் நிறுத்தினாள், திரும்பி வரும்போது பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். பால்கோவாவைத் தின்றாள், பேசத்தான் இல்லை. சப்பட்டை மாம்பழம் நறுக்கி வைத்தால் தட்டை மட்டும் நகர்த்தி வைக்கிறாள். அதன் பிறகுதான் உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “அந்த வாய வச்சுக்கிட்டு செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீயளா” என்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் உன் அம்மாவும் கடையில் உட்கார்ந்து எட்டுப் பாகத்தையும் முதலிலிருந்து பார்த்தோம். முதல் பாகம் முழுக்க எனக்குப் பேனல்தான் தெரிந்தது, பழக்கம் அப்படி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் போனேன். உன்னிடம் மறைக்கவில்லை, அந்தப் பிள்ளை எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. போகாதே என்கிற இடத்துக்குப் போகிறது, பெரியவர்களைத் திருத்துகிறது, நேரம் காலம் இல்லாமல் அழுகிறது. என் பேத்தி குரல் என்று தெரிந்தும் இரண்டு இடத்தில் அதட்டலாம் என்று தோன்றியது. உன் அம்மாதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அந்தப் பயலும் இதே சேட்டையத்தான செய்யுதான், அவன ஒருத்தரும் வையலையே” என்றாள். உண்மைதான், கப்பலில் ஒரு பையனும் இருக்கிறான், திறக்கக் கூடாத கதவை இரண்டு தடவை திறக்கிறான். அவன் வருகிற இடம் ஓடினால் பொன்னுராஜ், பயல் துறுதுறுன்னு இருக்கான் என்பான். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் கோதையிடம் போய் உட்கார்ந்தேன். பிரமாதம் என்று மறுபடியும் ஆரம்பித்தால் அடி விழும் என்று தெரிந்தது. எட்டையும் பார்த்தேன், நான் முன்னால் சொன்னது பொய், இப்போதும் அந்தப் பிள்ளையைப் பாதி இடத்தில் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். நான் எதிர்பார்க்கவே இல்லை, வாயைத் திறந்தாள். “எனக்குந்தான் தாத்தா பிடிக்காது” என்றாள். பிறகு மெதுவாக எல்லாம் வந்தது. மாப்பிள்ளையின் போனில், தொடருக்குக் கீழே ஜனங்கள் கருத்து என்று எழுதுவதை இவள் தினமும் படித்திருக்கிறாள், பாண்டிசெல்வி. உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் இந்தத் தொடரைப் பார்க்க முடிகிறது என்று ஒருவர் எழுதியதை அப்படியே ஒப்பிக்கிறாள். நாய் குரைக்கிறதையும் எப்போதோ பார்த்துவிட்டாளாம். அவ்வளவு பேர் வைதாலும் ஊரில் தாத்தா கேட்டு அழுதாரே என்று நினைத்துக்கொள்வாளாம். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எதன் மேலும் ஒரு பிள்ளை இப்படிச் சாய்ந்து நின்றதில்லை.

அப்புறம் அவள் சொன்னதுதான் எனக்கு ராத்திரியும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. “அவ முதல்லயே கத்த மாட்டா தாத்தா. காத்து லீக்காகுதுன்னு மூணு வாட்டி மெதுவாச் சொல்லுவா. யாருமே திரும்ப மாட்டாங்க. அப்புறந்தான் கத்துவா. நீங்க கத்துற இடத்துல இருந்துதான் போடுறீங்க.” எட்டுப் பாகமும் உட்கார்ந்து பார்த்த எனக்கு அந்த மூன்று தடவை காதில் விழவே இல்லை. இன்று காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இருக்கிறது. மூன்று தடவை, மூன்றும் வேறு வேறு மாதிரி, மூன்றாவதில் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. நம் வீட்டுப் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த இடத்தில் நன்றாகத்தான் பேசியிருக்கிறாள்.

பொன்னுராஜ் இன்று டிவியை எடுக்க வந்தான். கோதையும் கடையில் இருந்தாள். அன்றைக்கு நீ வெளியே தள்ளச் சொன்ன பிள்ளை இதுதான், என் பேத்திதான் அதற்குப் பேசினாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான் அந்தக் கப்பல் ஓட்டுகிறவனைத்தான் வைதேன், பிள்ளையை எங்கே வைதேன் என்று சாதித்தான். அப்புறம், “தாயி, ஒரு வரி பேசிக் காட்டு, போன்ல பிடிச்சுக்கிடுதேன், எங்க வீட்ல நம்ப மாட்டா” என்றான். கோதை, முடியாதுங்க என்று மரியாதையாகவே சொன்னாள். பேசிக் காட்டு செல்லம் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜூன் பத்தாம் தேதி அடுத்த பாகத்துக்குக் குரல் கொடுக்க வேண்டும், தேதி கொடுத்துவிட்டேன், பில்டிங்கில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று என்றாய். போவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், எனக்கே தெரியல தாத்தா என்றாள். போகிறேன் என்றாலும் போகவில்லை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே உனக்குப் போன் செய்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். நீ அதுவரைக்கும் கேட்காதே. அவள் பேசும்போது குறுக்கே போகாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேதி கொடுத்ததைப் பற்றி அவளிடம் பேச வேண்டாம். மாப்பிள்ளை போனில் அந்தக் கருத்து எழுதுகிற பக்கத்தை மூடிவைக்க வழி இருக்கிறதாம், ஜோயல் சொன்னான், செய்யச் சொல். ஆனால் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யச் சொல், ஒளித்துச் செய்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

இதுவரைக்கும் எழுதியதைக் கோதை வாங்கிப் படித்துவிட்டாள். அவளைப் பற்றி எழுதுகிறேன், அவளுக்குத் தெரியாமல் அனுப்பக் கூடாது என்று நானே கொடுத்தேன். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதிய இடத்தில் விரலை வைத்து, இது இப்படி இல்ல தாத்தா என்றாள். நான் அந்த ஸ்பீக்கர் ஜோக்கை ஒரு தடவை சொல்லவில்லையாம், இரண்டு தடவை சொன்னேனாம். இரண்டாவது தடவை அவள் பக்கம் திரும்பி, என்ன செல்லம், சரிதானே என்று கண்ணடித்துக் கேட்டேனாம். எல்லாரும் அவளைப் பார்த்தார்களாம். எல்லார் முன்னாலும் எனக்கு அசிங்கமாகிவிடக் கூடாதே என்று அவளும் சேர்ந்து சிரித்தாளாம். அதையும் எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். அவள் சிரித்ததை நான் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

உனக்கும் மாப்பிள்ளை பிரேம்குமாருக்கும் ஆண்டாள் துணை இருக்கட்டும், நல்ல தூக்கமும் நல்ல பசியும் கிடைக்கட்டும். உன் அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, போனைக் கையில் வைத்திரு, மறந்துவிடாதே.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
சங்கரலிங்கம்.