வங்கிக்குப் போகும் வழி

ஜனவரி 4

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? கோபத்தைத் தவிர நான் நலம். நீ நடத்தும் ஆன்லைன் விளையாட்டில் நாற்பது பேரின் தங்கத்தைச் சுருட்டிய முகமூடித் திருடியின் கணக்கை முடக்கிவிட்டாய். அந்தத் திருடி நான்தான். போனில் சொன்னால் கத்துவாய் என்றுதான் கடிதம்.

பகலெல்லாம் வங்கி கவுன்டரில் அடுத்தவர் பணத்தைச் சில்லறை பிசகாமல் எண்ணிக் கொடுக்கிறேன். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது திருட வேண்டாமா? விதிப்படிதான் திருடினேன். கணக்கைத் திறந்துவிடு.

உன் தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

இரண்டு மாதம் பதில் போடாததற்குக் காரணம் கோபம்தான். கடைசியாக ஒருவரை வழித்துத் துடைத்தாயே, அவர் விளையாட்டில் மூன்று மாதம் தங்கச் சுரங்கம் தோண்டிச் சேர்த்தது அது. எனக்கு அழாத குறையாக எழுதிவிட்டு விலகிப் போனார்.

அதனால்தான் விளையாட்டுக்குள் வங்கி வைத்தேன். எங்கே நின்றாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தங்கம் பத்திரம். திருடர்கள் சும்மா உட்கார்ந்தார்கள், பிறகு போய்விட்டார்கள். விசித்திரம் என்னவென்றால், தோண்டுகிறவர்களும் போய்விட்டார்கள். ஐந்நூறு பேர் இருந்த இடத்தில் இப்போது தொண்ணூறு.

ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மாதக் கடைசியில் சர்வரை மூடிவிடுவதாக ஆடுகிறவர்களிடமும் அறிவித்துவிட்டேன். ஆறு வருஷ உழைப்பு, மனசு ஆறவில்லை.

அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணா,

அவருடையது மூன்று மாதச் சேமிப்பு என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதியையாவது விட்டிருப்பேன். தப்புதான்.

ஆனால் ஒன்று கேள். எங்கள் கவுன்டருக்குப் பணம் கட்ட வருகிறவர்கள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். நேற்று ஒருவர், "சீக்கிரம் வாங்கிக்கம்மா, பஸ்ல ஏறினதுல இருந்து பையை விட்டுக் கண்ணை எடுக்கல" என்றார். ரசீது கைக்கு வந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உன் வங்கிக்கு யாரும் வர வேண்டியதே இல்லை. அதுதான் கோளாறு.

பொத்தானை எடுத்துவிடு. ஒரே ஊரில் ஒரே வங்கி, நடந்துதான் போக வேண்டும். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் திருட முடியாது. திருடனும் அதே வழியாகத்தான் வங்கிக்குப் போக வேண்டும், அவனையும் யாராவது மடக்கலாம். ஒரு வாரம் பார், பிறகு மூடு.

உன் தங்கை

மார்ச் 28

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னபடியே மாற்றினேன். முதல் இரண்டு நாள் வசவுதான், காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. மூன்றாம் நாள், தோண்டுகிறவர்கள் வங்கிவரை சேர்ந்து நடக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். உன் பழைய திருட்டுக் கூட்டாளிகள் இருவர் திரும்பி வந்து, இப்போது அவர்களுக்குக் கூலிக்குக் காவல் போகிறார்கள். எண்ணிக்கை இருநூற்றைத் தாண்டிவிட்டது. உன் கணக்கையும் திறந்துவிட்டேன், போய் ஒழுங்காகத் திருடு.

நேற்று ஒரு புகார் வந்தது. நிஜத்தில் லாரி ஓட்டுகிற ஒரு அம்மா, விளையாட்டில் ஐந்து நாள் தோண்டியதில் பாதி போய்விட்டதாம். இன்னொருவரும் விலகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேதான் படித்தேன். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "எடுத்தது யாருன்னு பார்த்துட்டேன். அவனும் இந்த வழியாத்தானே வரணும்? நாளைக்கு நாலு பேரோட வரேன். அதுக்குள்ள மூடிகீடிடாதீங்க."

வேலைக்கு வரவில்லை என்று கம்பெனிக்கு இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன்.

உன் அண்ணன்