பிறெஸ்ரனில் ஆரை விசாரிக்கிறது

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

காலையில் மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு பிறப்புப் பத்திரம் வந்தது. முத்திரை பழசு, மை புதுசு. திருப்பிக் கொடுத்தேன். பாரிஸ் லாச்சப்பலில் இந்தக் கந்தோரில் இருபது வருடமாக எங்கள் ஆட்களின் பத்திரங்களைப் பிரெஞ்சுக்கு மாற்றிக் கொடுக்கிறேன். ஒன்றைக் கையில் எடுத்ததும் பொய்யா மெய்யா என்று மூக்கே சொல்லிவிடும். மனிதர்களிடம் அந்த மூக்கு வேலை செய்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஆனைஸ் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரொபின் பார்லோ. இங்கிலாந்துக்காரன், இங்கே பொபினியில் ஒரு லிசேயில், பெரிய வகுப்புப் பள்ளிக்கூடத்தில், ஆங்கிலம் படிப்பிக்கிறான். அடுத்த கோடையில் கலியாணம் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். கேட்கவில்லை, சொன்னார்கள். பெடியன் கத்தோலிக்கம்தான் என்று மகள் சேர்த்துக்கொண்டாள், அதோடு என் கேள்வியெல்லாம் தீர்ந்துவிடும் என்பது போல.

அவன் சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிட்டான். மீன் குழம்பு இன்னும் கேட்டான். எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினான். முதல் நாளே ஒருவன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் எதையோ மறைக்கிறான் என்றுதான் அர்த்தம்.

மன்னாரில் எங்கள் ஊர் பேசாலைப் பெடியன் என்றால் இரண்டு போன் போதும். பொழுதுபடுவதற்குள் தாய் எப்படி, தகப்பன் குடிப்பாரா, எந்த மாமி யாரோடு ஓடினவ எல்லாம் வந்துவிடும். இவனுடைய ஊர் பிறெஸ்ரன். பிறெஸ்ரனில் நான் ஆரை விசாரிக்கிறது?

11 செப்டம்பர், வியாழன்

பக்கத்து மேசைச் சுபாங்கியிடம் சொல்லி அழுதேன். அவள் சிரித்தாள். இங்கிலாந்துக்காரர் தங்கள் பிறப்பு, இறப்பு, கலியாணம், பழைய குடிசன மதிப்புக் கணக்கு, பழைய பேப்பர்கள் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

யார் வேண்டுமானாலுமா? என்ன சனம் இது.

15 செப்டம்பர்

பிறெஸ்ரனில் பார்லோ என்று இத்தனை பேரா.

18 செப்டம்பர், வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் இதிலேயே போகிறது. ரொபினின் தகப்பன் பீற்றர், மின்சார வேலை. பாட்டன் பிரான்சிஸ், பஸ் கொண்டக்டர். பூட்டன் ஜேம்ஸ், பருத்தி ஆலை. ஜேம்ஸ் இரண்டு தடவை உள்ளூர்ப் பேப்பரில் வந்திருக்கிறார். ஒரு தடவை வெங்காயக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு. இன்னொரு தடவை, 1934இல், விளக்கில்லாமல் சைக்கிள் ஓடித் தண்டம் கட்டியிருக்கிறார்.

நூறு வருடத்தில் ஒரு குடும்பம் செய்த குற்றம் விளக்கில்லாத சைக்கிள்? நம்பச் சொல்கிறார்கள். இன்னும் பின்னால் போகவேண்டும்.

22 செப்டம்பர், திங்கள்

பிடித்துவிட்டேன்.

ஜேம்ஸின் தகப்பன் வில்லியம் பார்லோ. தாய் தகப்பன் தோமஸ், எலன். 1871இல் பிறந்த பதிவு இருக்கிறது. அதே வில்லியம் 1873இல், இரண்டு வயதில், செத்த பதிவும் இருக்கிறது. ஆனால் 1881 குடிசன மதிப்பில் அதே வீட்டில் வில்லியம் என்று ஒரு பெடியன் இருக்கிறான். ஆறு வயது. செத்தது செத்திராவிட்டாலும் பத்து வயதாகியிருக்க வேண்டுமே! 1899இல் அந்த வில்லியம் தேவாலயத்தில் கலியாணமும் கட்டியிருக்கிறான். வயது இருபத்துநான்கு என்று எழுதியிருக்கிறது. வயதைக் குறைக்கிறது, வழக்கமான வேலைதான்.

ஆரோ வேறை ஆளின்ரை பிள்ளை. கொண்டுவந்து செத்ததின்ரை பெயரிலை வளர்த்திருக்கினம். ரொபின் பார்லோ பார்லோவே இல்லை.

இது எனக்கு எப்படி இவ்வளவு சுளுவாக விளங்கியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். என்னிடம் நானே கேட்டுக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் பத்திரத்தில் ஸ்ரீபன். ஸ்ரீபன் அவருடைய அண்ணன். 91இல் பாஸ்போட், விசா எல்லாம் சரிவந்து, கொழும்புக்குப் போகக் கிழமை ஒன்று இருக்கும்போது, கடலுக்குப் போனவர் உடம்பாகக் கரைக்கு வந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சாயல் ஒன்றுதான். மாமி தம்பியின் கையில் பாஸ்போட்டைக் கொடுத்து, "இதிலை இருக்கிறவன் போகத்தான் வேணும்" என்றாவாம். தம்பியின் பெயர் யோன். பிரான்சில் அகதி அட்டை, கலியாணம், குடியுரிமை எல்லாம் ஸ்ரீபன்தான். நான் "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிடுவேன், அதனால் எந்தப் பெயரும் வீட்டில் புழங்கியதில்லை. ஆனைஸுக்குத் தெரியாது.

ஒவ்வொரு நவம்பரும் இறந்தோர் நாள் பூசைக்கு எல்லாரும் தங்கள் ஆட்களின் பெயர் கொடுப்பார்கள். இவர் "குடும்பத்தில் இறந்தவர்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பார். உயிரோடு இருக்கிற ஸ்ரீபன் செத்த ஸ்ரீபனுக்கு எப்படிப் பூசை வைப்பது? யாராவது அட்டை கொடுக்கிற பிறெபெக்சர் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டால் போதும், குடியுரிமையே போய்விடும்.

26 செப்டம்பர், வெள்ளி

சாப்பிடும்போது அவரிடம் வில்லியத்தைச் சொன்னேன். கை சோற்றிலேயே நின்றது.

"விடும். அவையின்ரை செத்தவனை நீர் ஏன் தோண்டுறீர்? நாங்கள் தோண்டினால் அவையும் தோண்டுவினம்."

அதற்காகத்தானே எனக்கு வேண்டும்! நாளைக்கு அவர்கள் ஏதாவது சொன்னால், உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று சொல்லக் கையில் ஒன்று இருக்கட்டும். அவருக்கு இது விளங்காது. முப்பத்திநாலு வருடம் பயந்தே பழகிவிட்டார்.

5 ஒக்டோபர், ஞாயிறு

ஆத்திரம் இன்னும் தீரவில்லை. எழுதினால் அடங்குமோ தெரியாது.

ரொபின் சாப்பிட வந்தான். தாய் மார்கரெட் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வம்சப் படம் வரைகிறாவாம், கலியாணத்தன்று மண்டபத்தில் மாட்ட. ஆனைஸின் அப்பாவுடைய சகோதரர்களின் பெயர், பிறந்த வருடம் தருவீர்களா என்று கேட்டான். இவர் எழும்பிப் பால்கனிக்குப் போய்விட்டார்.

வம்சப் படமாம். எனக்குத் தெரியாதா? விசாரணைக்கு வந்திருக்கிறான்!

முந்திக்கொண்டேன். எடுத்து வைத்திருந்த தாள்களை மேசையில் போட்டேன். உங்கள் வில்லியம் 1873இல் செத்துவிட்டார், 1899இல் கட்டினது ஆர் என்று கேட்டேன். ஆனைஸ் "மாமோன், அரெத்" என்றாள். நான் நிறுத்தவில்லை.

அவன் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். இரண்டு வில்லியம் என்றான். முதல் பிள்ளை செத்ததும் அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்தார்களாம். அந்தக் காலத்தில் அது சாதாரணமாம். அம்மாவின் படத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்களாம்.

"அப்பிடி ஒரு தாயும் செய்யமாட்டாள்" என்றேன்.

6 ஒக்டோபர், திங்கள்

செய்திருக்கிறாள். 1875, வில்லியம் பார்லோ, அதே தாய். ஒரு நிமிடத்தில் கிடைத்தது. நான் தேடவே இல்லை. செத்த பிள்ளையின் பெயரை வாயால் எடுக்கவே எங்களில் பயப்படுவார்கள், அடுத்ததற்கு யார் வைப்பார்கள்? இரண்டாவது பிறப்பு இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. இருபது வருட மூக்கு.

வெட்கமாக இருக்கிறது.

10 ஒக்டோபர், வெள்ளி

விட மனமில்லாமல் வில்லியத்தின் பெயரைப் பேப்பர்களில் தேடினேன். 1938இல் ஒரு சின்னச் செய்தி. அறுபத்துமூன்று வயது வில்லியம் பார்லோ, இரண்டு வயதில் இறந்த தன் அண்ணனின் குழிக்குக் கல் நாட்டியிருக்கிறார். கல்லில் "வில்லியம் பார்லோ" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, இவர்தான் செத்துவிட்டார் என்று ஆலையில் கூட வேலை செய்தவர்கள் வீட்டுக்கு மலர்வளையம் அனுப்பினார்களாம். கதவைத் திறந்து அவரே வாங்கிக்கொண்டாராம். ஏன் இத்தனை வருடம் கழித்து என்று பேப்பர்காரன் கேட்டதற்கு, பெயர் அவனுடையது, நான் பாவிக்கிறேன், அவ்வளவுதான் என்றிருக்கிறார்.

இரவு இவருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எழும்பிப் போனார். பல்லுத் தீட்டிவிட்டு வந்து, "அந்தக் கடைசி வசனத்தை இன்னொருக்கால் வாசியும்" என்றார்.

19 ஒக்டோபர், ஞாயிறு

இன்று ஆனைஸிடம் சொல்லிவிட்டார். முழுவதும். நான் குசினியில் நின்று கேட்டேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள், "அப்ப உங்களை என்னெண்டு கூப்பிடுறது?" என்றாள்.

"அப்பா எண்டுதான்."

அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு என்னிடம் வந்தாள். கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் பொரிவாள். இன்று வேண்டுமென்றே தமிழில் சொன்னாள், எனக்கு நல்லாய்ப் படவேணும் என்று.

"ரொபின்ரை நூற்றைம்பது வருசத்தைத் தோண்டினீங்கள். எங்கட வீட்டைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவள் சொன்னது சரிதானே.

24 ஒக்டோபர்

ஆனைஸ் போன் எடுக்கவில்லை. ரொபினிடம் சொல்லியிருப்பாள். அவன் தாயிடம் சொல்லியிருப்பான். கலியாணம் இனி இல்லை.

28 ஒக்டோபர், செவ்வாய்

ரொபின் கந்தோருக்குத் தனியாக வந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவனைக் கண்டேன். கலியாணம் இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறான். மேசையிலிருந்த தாள்களை எதற்கென்று தெரியாமல் அடுக்கினேன். சுபாங்கி எழும்பி வெளியே போய்விட்டாள்.

தாய் வரைந்த படத்தின் நகலை விரித்தான். அவர்களின் பக்கத்தில் தோமஸுக்கும் எலனுக்கும் கீழே இரண்டு வில்லியம். எங்கள் பக்கத்தில் ஆனைஸ், நான், அவர். மிச்சம் வெற்றிடம். விரும்பியதை எழுதுங்கள், விரும்பாததை விடுங்கள் என்று அம்மா சொன்னா என்றான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று முகத்தில் தேடினேன். எல்லாம் தெரியும். பிறகு, பசிக்கிறது, எந்தக் கடையில் ரோல்ஸ் நல்லாயிருக்கும் என்று கேட்டான்.

இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான்? இன்னும் விளங்கவில்லை. இரண்டு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் இவர் பென்சில் எடுத்து, தன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்ரீபன் எழுதினார். பிறகு, பூசைக்குப் பெயர் கொடுக்க இன்னும் நாள் இருக்கோ என்று கேட்டார். ஆராவது எழுதிப் போட்டால் என்று நான் தொடங்கினேன்.

"எழுதினால் எழுதட்டும்."

2 நவம்பர், ஞாயிறு, இறந்தோர் நாள்

தமிழ்ப் பூசையில் சனம் நிறைந்திருந்தது. ஆனைஸ் பிந்தித்தான் வந்தாள், ரொபினோடு. என்னைப் பார்க்கவில்லை. தகப்பனுக்கு மற்றப் பக்கத்தில் இருந்தாள்.

பூசை வைத்த சுவாமி இறந்தோரின் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, ஸ்ரீபன் என்று இவருடைய முழுப் பெயரையும் வாசித்தார். முன் வாங்கில் இரண்டு தலை திரும்பியது. பிறகு பத்துத் தலை. இவர் நேரே பார்த்தபடி நின்றார். ஆனைஸ் அவருடைய கையைப் பிடித்தாள். அப்படியே எனக்கும் மற்றக் கையை நீட்டினாள்.

வெளியே வந்ததும் சனம் சூழ்ந்தது. இது என்ன, ஆருக்குப் பூசை, சுவாமி பிழையாக வாசித்துவிட்டாரோ என்று கேள்விகள். இவர் கண்டுகொள்ளாமல் போய்விடுவார் என்று நினைத்தேன்.

"என்ரை அண்ணைக்கு" என்றார். "அவன்ரை பெயரைத்தான் நான் பாவிக்கிறன்."

வீட்டுக்கு வந்து, அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது, பின்னால் நின்று மெதுவாக யோன் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். இருபத்தொன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள், இன்றைக்குத்தான் முதல் தடவை.

திரும்பாமலே, "ஓம், சீனி எவ்வளவு?" என்றார்.