அப்பாவின் செவ்வாய் வகே

ஜூலை 30, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாக அச்சுப்படியை உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். பிறகு ஒரு துண்டைப் போட்டு அதை மூடினேன். நாற்பத்தைந்து வயதுக்காரி செய்கிற காரியமா இது?

பத்தொன்பது வருடம் கழித்து என் முதல் தொகுப்பு மறுபடி வருகிறது. செப்டம்பர் ஐந்துக்குள் திருத்தங்களை அனுப்ப வேண்டும். முதல் கதையில் ஓர் அப்பா, மகள் எழுதிய நோட்டுகளைக் கிணற்றில் வீசுகிறார். அவள் ஊர் திரும்புமுன் இறந்துபோகிறார். கிணறு நிஜம். சாவு கற்பனை. அது வெளிவந்ததிலிருந்து என் அப்பா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. கிணற்றை ஊரறியச் சொன்ன கோபம்தான். வேறென்ன இருக்கும்?

ஜூலை 31

செமாராங்கிலிருந்து பஸ்ஸில், அப்பா அம்மா இருக்கும் கிளாத்தெனுக்கு வந்தேன். அப்பா டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"உன் பொண்ணு சர்க்கரை போட்டுக்குவாளான்னு கேளு" என்றார் அம்மாவிடம்.

"ரெண்டு முழம் தள்ளி உக்காந்திருக்கா. நீங்க கேட்டா வாயிலேர்ந்து முத்து கொட்டிடுமா?"

அவர் கேட்கவில்லை. டீயில் மூன்று கரண்டி சர்க்கரை இருந்தது. சின்ன வயதில் நான் அடம்பிடித்துக் கேட்ட அளவு.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

அம்மா விடியற்காலையிலேயே வெள்ளைக் கஞ்சியும், பனைவெல்லம் போட்ட சிவப்புக் கஞ்சியும் காய்ச்சி, சின்னத் தட்டுகளில் ஊற்றி வைத்திருந்தாள்.

"யாருக்கும்மா?"

"உங்கப்பாவுக்கு. இன்னைக்கு செவ்வாய் வகே, அவர் பொறந்த நாளு. முப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா அது வரும்போதெல்லாம், அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வைக்கிறேன்."

"நான் இங்க இருந்தப்ப வைக்க மாட்டியே?"

"நீ அவரைக் கொன்னதுக்கப்புறம்தான்டி வைக்கிறேன்."

கதையில் செத்த அப்பாவுக்கு நான் கொடுத்திருந்த பிறந்த நாளும் செவ்வாய் வகேதான்.

"கெணத்தைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல. 'செஞ்சேன், எழுதிட்டா'ன்னாரு. ஆனா பொறந்த நாளை வெளியாளுக்கே சொல்ல மாட்டோம், சூனியக்காரன் கையில சிக்கிடும்னு. நீ அதை அச்சுல போட்டு, பக்கத்துலயே சாவையும் எழுதி வச்சுட்ட. பெத்த பொண்ணு!"

ஐயோ, நான் அப்படி நினைத்தா எழுதினேன்? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நாள் அது. கிளிவோன் சந்தைக்குப் போகும் வழியில், சைக்கிளின் முன் கம்பியில் என்னை உட்காரவைத்து அவர் கற்றுக்கொடுத்தது. ஒரு கையில் ஏழு கிழமை, மறு கையில் எங்கள் ஊர்க் கணக்கில் சுற்றி வரும் ஐந்து சந்தை நாள் - லெகி, பாஹிங், போன், வகே, கிளிவோன். இரண்டு கையும் சந்திக்கும் இடம் ஒருவரின் பிறந்த நாள். நான் தப்பாகச் சொன்னால் மணியை அடிப்பார். சரியாகச் சொன்னாலும் அடிப்பார். வழி நெடுக மணிச் சத்தம்தான்.

அதே கைதான் என் நோட்டுகளையும் வீசியது.

ஆகஸ்ட் 2

பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"உன் பொண்ணுகிட்ட சொல்லு. புஸ்தகத்துல கெணறு இருந்துட்டுப் போகட்டும். பொறந்த நாளை மட்டும் மாத்தச் சொல்லு."

"அவ உங்க எதிர்லதாங்க நிக்கிறா."

"தெரியுது."

அவர் பார்வை என் செருப்பில் இருந்தது. எண்பது வயது. நான் தலையாட்டினேன். பார்த்தாரா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13

கதையில் அப்பாவின் பிறந்த நாளை வியாழன் போன் என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய அப்பா செத்தார்.

ஆகஸ்ட் 21

சனி லெகி. அதுவும் யாரோ.

செப்டம்பர் 4, திங்கள்

நாளை மறுபடியும் செவ்வாய் வகே.

இன்று கதையின் கடைசி இரண்டு பக்கங்களை அடித்துவிட்டு வேறு எழுதினேன். மகள் ஊர் திரும்புகிறாள். அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான். நோட்டுகள் கிணற்றில்தான் கிடக்கின்றன. அவற்றை என்னால் எடுத்துக்கொடுக்க முடியாது.

பிறந்த நாளை மாற்றவில்லை. அது அவருடையதாகவே இருக்கட்டும். சாவை எடுத்துவிட்டேன். பதிப்பாளருக்குக் காலையில் போகும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

பனைவெல்லம் அரைக் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். கிளாத்தெனுக்கு முதல் பஸ் ஐந்து மணிக்கு.