வரிசை எண் முப்பதுக்கு

அன்புள்ள வகுப்புத் தோழிக்கு,

முப்பத்தொன்றாம் எண் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கடிதத்தை அப்படித் தொடங்கித்தான் பழக்கம். உன் முகவரிக்காக விடுதிக் காப்பாளரிடம் இரண்டு நாள் நின்றேன். கொடுக்கும்போது அவர், "நீங்க ஏற்கனவே எழுதினது போதாதாம்மா?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதலில் நம் ஆசிரியர் பயிற்சி வகுப்புச் செய்தி. நீ போய்ப் பதினேழு நாளாகிறது. கல்வி உளவியலில் இரண்டு பாடங்கள் முடிந்தன. உனக்காகத் தனி நோட்டில் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை நம்மைப் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அதற்குள், நம்மில் சிலரையே பிள்ளைகளாக உட்காரவைத்து நடத்தும் அந்த ஏழு நிமிடப் பாடத்தை இரண்டாம் முறை நடத்திக் காட்டாதவர்களுக்குப் பள்ளி கிடையாது. அவர்களுக்கு இந்த ஆண்டு போனது போனதுதான். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு மற்றதை எழுதாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

காலையில் வருகை எடுக்கும்போது பேராசிரியை இன்னும் "முப்பது" என்று கூப்பிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார். கொஞ்சம் பொறுத்து, "முப்பத்தொண்ணு." நான் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே வகுப்பு முழுவதும் என்னைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால்கூடப் பரவாயில்லை.

உன் அறைத்தோழியிடம் நேற்று விசாரித்தேன். அக்காவின் தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாயாம். திரும்பி வரச் சொன்னதற்கு, "அவ்வளவு விஷயம் தெரிஞ்சவங்களே நான் இதுக்கு லாயக்கில்லன்னு எழுதிட்டாங்க, இனிமே என்ன?" என்றாயாம். விஷயம் தெரிந்தவள்! பெண்ணே, நானும் உன்னைப் போல முதலாண்டுதான். என் அறுபத்திரண்டு வயதில் உண்மையான ஒரு வகுப்பின் முன் ஒரு நாள்கூட நின்றதில்லை. அவர் காலமான பிறகு, இளம் வயதில் கிடைக்காததைப் படித்துப் பார்க்கலாம் என்று வந்தவள். விறைப்பான புடவையும் கான்வென்ட் கையெழுத்தும் உங்களையெல்லாம் ஏமாற்றியிருக்கின்றன. என்னையும்தான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

உன் பாடம் வியாழக்கிழமை. என்னுடையது அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. ஈரத் துணி எப்படி உலர்கிறது என்று நடத்தினேன். அதற்கான படத்தை நீதான் இரண்டு மாலை உட்கார்ந்து வரைந்து கொடுத்தாய். பிள்ளையாக நடித்த மானிட்டர், தண்ணீரெல்லாம் சொட்டித் தரைக்குப் போய்விடும் என்றான். நான் கரும்பலகையைப் பார்த்தபடியே "உட்கார்" என்றேன்.

அன்று வீட்டுக்குப் போய், வகுப்பில் நீங்கள் எல்லோரும் நிரப்பிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாள்களைப் பிரித்தேன். முப்பத்து நான்கு தாள்களில் எல்லா வரிக்கும் ஐந்துக்கு ஐந்து. குறிப்புரையில் ஒரு சொல்லும் இல்லை. வயதுக்குப் போட்ட மதிப்பெண் என்று அப்போது தோன்றவில்லை. தகுதிக்குப் போட்டதாகவே மகிழ்ந்தேன். மிச்சமிருந்த ஒரே ஒரு தாளில் இரண்டு. கீழே பச்சை மையில்: "தப்பாச் சொன்னவனை நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. அவன் நானா இருந்தா மறுபடி கை தூக்க மாட்டேன்."

பெயர் இல்லாத தாள்தான். ஆனால் பச்சை மையில் எழுதுகிறவள் வகுப்பில் வேறு யார்? படம் வரைந்து கொடுத்த கையே இதையும் எழுதியிருக்கிறதே என்று அன்றிரவு சாப்பிடவில்லை. எழுதியது சரியா தவறா என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை நீ பின்னக் கணக்கில் அரை, கால் நடத்தினாய். ஆளுக்கு ஒரு வட்டக் காகிதம் கொடுத்து மடிக்கச் சொன்னாய். சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. ஆனால் மூன்றாய் மடித்த பெண்ணிடம் போய்க் குனிந்து, "இதுவும் அழகாத்தான் இருக்கு, இப்ப எத்தனை பங்குன்னு எண்ணு பாப்போம்" என்றாய். நான் அதைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றும் நினைத்தேன். நினைத்த பிறகுதான் ஒவ்வொரு வரியிலும் ஒன்று போட்டேன். இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்று குறிப்புரையும் எழுதினேன். பேராசிரியை அதைத் தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தபோது, கையெழுத்து யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெளியே வந்ததும், நான் தாட்சணியம் பார்த்து மார்க் போடுகிறவள் இல்லை என்று பெருமையாக வேறு சொன்னேன். நீ தலையாட்டிக்கொண்டு போனாய். நான் சொன்னதை நம்பிவிட்டாய்.

எங்கள் கான்வென்ட்டில் தவறு செய்தவள் தானே எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஐம்பது வருடம் கழித்து நேற்று எழுந்து நின்றேன். அந்தத் தாள் பொய், கோபத்தில் எழுதியது என்று வகுப்பில் சொன்னேன். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். மானிட்டர், "விடுங்க ஆன்ட்டி, வயசானா கோவம் வர்றது சகஜம்தானே" என்றான். இரண்டு பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தத் தாளை நீக்கும்படி பேராசிரியையிடம் கேட்டேன். "அது என்னால முடியாதும்மா. அவ வந்து மறுபடி நடத்தினா பழசு தானாப் போயிடும்" என்றார். அவர் என் மகளைவிடச் சின்னவர். இருந்தாலும் அவர் முன்னால் நின்று கெஞ்சினேன். வரும் சனிக்கிழமை காலை மறுபாடம் நடத்துகிறவர்கள் பட்டியலில் உன் பெயரைக் கடைசியில் எழுதி வைத்திருக்கிறார். உனக்கு முன்னால் நான்.

என் மறுபாடத்துக்கும் எல்லோரும் ஐந்து ஐந்தாகப் போட்டுவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆகவே இத்துடன் ஒரு வெற்று மதிப்பீட்டுத் தாள் வைத்திருக்கிறேன். அதை அங்கே நிரப்பாதே. கையோடு எடுத்து வந்து, என் இடப்பக்கத்தில் உன் இடத்தில் உட்கார்ந்து, நான் நடத்துவதைப் பார்த்து நிரப்பு. குறிப்புரைக்கு இடம் போதாவிட்டால் பின்பக்கத்திலும் எழுது. பச்சை மையிலேயே எழுது.

அக்காவிடம் என் வணக்கத்தைச் சொல். விடமாட்டேன் என்றால் இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடு. கூச்சப்பட்டு எதையும் மறைக்காதே. சாக்பீஸ் ஒடிந்தால் ஒடியட்டும். என் பையில் ஒரு முழுப் பெட்டி வைத்திருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை எட்டரைக்கு வருகை எடுப்பார்கள்.

இப்படிக்கு,
உன் பக்கத்து இடத்துக்காரி,
வரிசை எண் முப்பத்தொன்று