ஆறாத எஞ்சின்

பாப்பா,

நீ சொன்னபடியே அம்மாவின் வண்டியை விற்க ஆள் பார்த்தாயிற்று. இன்று காலை ஒருவர் மெக்கானிக்கோடு வந்தார். சாவியைக் கேட்கும் முன்பே மெக்கானிக் பானட்டில் கையை வைத்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன சார், எஞ்சின் சூடா இருக்கு? பழைய டீசல் வண்டிய ஆறின எஞ்சின்லதான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். முன்னாடியே சூடு பண்ணி வெச்சா புகையும் தெரியாது, தட்டுற சத்தமும் கேக்காது."

வாங்க வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். என்னவென்று சொல்வது? உன் அம்மா வண்டியை உறுமவிட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி உள்ளே ஓடி வருவாளே, அந்தச் சத்தம் கேட்காமல் எனக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றுவதில்லை. அவள் போன பிறகு தினமும் காலையில் நானே போய் ஸ்டார்ட் செய்துவிட்டு வருகிறேன். பெரிதுபடுத்தாதே, பேட்டரிக்கும் நல்லதுதான். கண்ணாடி இப்போதும் டி.வி. பக்கத்தில்தான் இருக்கிறது.

பிறகு மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். "புகை கக்கல. உள்ள நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆனாலும் நாளைக் காலை மறுபடி வருகிறார்களாம். அதுவரை நான் வண்டியைத் தொடக்கூடாதாம்.

கிளம்பும்போது மெக்கானிக் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தோளில் தட்டினார்.

"ஒண்ணுமில்ல சார். நல்லா ஆறட்டும். ஒரு ராத்திரி போதும்."

எஞ்சினுக்குப் போதுமாம்.

அப்பா